கிளியும் வலையும்

தோழா,

திண்டிவனத்திலிருந்து புதுவை செல்லும் பெருஞ்சாலையின் இடைவழியிலே இருக்கிறது கிளியனூர். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். தேவாரப் பதிகம் பெற்ற தலம் என்று பக்தர்கள் பெருமிதத்தோடு கூறுவர். அந்தப் பெருமையை அவர்களுக்கே விட்டுவிடுவோம். நான் உன்னை அழைத்துச் செல்ல நினைப்பது கோயில் வாயிலுக்கு அல்ல, பேருந்து நிறுத்தத்துக்கு. காலை வேளையிலே அங்கே வந்து நின்று பார். தோளிலே பை, கையிலே அலைபேசி, கண்ணிலே கலையாத உறக்கம் — இப்படி ஓர் இளைஞர் கூட்டம். ஒரு சாரார் திண்டிவனம் பக்கம் செல்லும் வண்டிக்காக. மற்றொரு சாரார் புதுவைப் பக்கம் செல்லும் வண்டிக்காக. வண்டி வருகிறது, நிற்காமல் போகிறது. அடுத்தது வருகிறது; நிற்கிறது; ஏற இடமில்லை. படிக்கட்டிலே ஒற்றைக் கால் ஊன்றி, கம்பியை ஒரு கையால் பற்றி, உயிரை மறுகையில் பிடித்துக்கொண்டு போகிறான் உழவனின் மகன். எதற்கு? படிப்பதற்கு!

அவன் சட்டைப் பையிலே துடிக்கிறதே அந்தச் சின்னஞ்சிறு பெட்டி, அதற்குள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? 2003ஆம் ஆண்டு தொடங்கி, இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து பதிவு செய்து வெளியிட்டு வருகிற பாடங்கள் இருக்கின்றன — என்.பி.டெல். என்று மாணவர் அழைப்பது அதைத்தான். 2017இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கட்டணமின்றிக் கேட்கலாம், கேட்டதையே மறுமுறை கேட்கலாம், புரியாத இடத்தில் நிறுத்தி, பேராசிரியரைப் பின்னோக்கி நடக்க வைத்து, மீண்டும் முதலிலிருந்து சொல்ல வைக்கலாம். எந்த வகுப்பிலே எந்தப் பேராசிரியர் இதற்கு இசைவார்?

பையிலே பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டு, படிக்கட்டிலே தொங்கியபடி பல்கலைக்கழகம் தேடிப் போகிறான். விந்தை இது. இந்த விந்தையைப்பற்றித்தான் இந்த வாரம் உன்னோடு உரையாட எண்ணினேன்.

பல்கலைக்கழகம் என்றேனே, அது எங்கே இருக்கிறது என்று திண்டிவனத்து மாணவனைக் கேட்டுப் பார், சிரிப்பான். அவன் கல்லூரி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. பல்கலைக்கழகம்தான் ஊர் ஊராகச் சென்றது! முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். 2002இல் வேலூரிலே திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றியதும், தென்னார்க்காட்டுக் கல்லூரிகள் வேலூர் பக்கம் திரும்பி வணங்கின. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்திலே தனிப் பல்கலைக்கழகம் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு முடிவில், அதைச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்திடச் சட்டம் வந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள் சிதம்பரம் நோக்கித் திரும்பின. எது சரி, எது தவறு என்று சட்டமன்றத்திலே காரசாரமாகப் பேசினார்கள். அந்த வழக்கை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. நான் கேட்பது வேறு. இத்தனை மாற்றத்திலும் கிளியனூர் மாணவனுக்கு மாறியது எது? மதிப்பெண் பட்டியலின் தலைப்பிலே இருக்கிற முத்திரை! சென்னை முத்திரை, வேலூர் முத்திரை, சிதம்பரம் முத்திரை. பல்கலைக்கழகத்தை அவன் கண்ணால் கண்டதில்லை. பட்டச் சான்றிதழிலே ஏதோ எழுத்துப் பிழை நேர்ந்தால் மட்டும் அதன் தரிசனம் கிட்டும்!

ஆகவே, கண்ணில் படாத பல்கலைக்கழகம் நமக்குப் புதிதல்ல. கண்ணில் படாததைக் காதிலும் கருத்திலும் படவைக்க இயலுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை உலகம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டது. 1963இல் பிரிட்டனிலே, தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன், 'வான்வழிப் பல்கலைக்கழகம்' வேண்டும் என்றார். பகற்கனவு என்று பழைமைவாதிகள் பரிகசித்தனர். 1969இல் சாசனம் பெற்று, 1971இல் பாடம் தொடங்கியது திறந்தநிலைப் பல்கலைக்கழகம். சுரங்கத்திலே வேலை செய்பவனும், வீட்டிலே பிள்ளை வளர்ப்பவளும், பி.பி.சி.யின் ஒலி ஒளி வழியே பாடம் கேட்டனர். ஆனால் கவனித்தாயா, தோழா? வானொலியோடும் தொலைக்காட்சியோடும் அவர்கள் விட்டுவிடவில்லை. ஊர்தோறும் படிப்பு மையம் வைத்தனர். வழிகாட்டும் ஆசிரியரை அமர்த்தினர். கோடையிலே மாணவரை ஓரிடத்தில் கூட்டிப் பேச வைத்தனர். வானத்திலிருந்து பாடம் வந்தது. பேசுவதற்கு இடம் மண்ணிலே தந்தார்கள்.

இங்கே என்ன செய்தோம்? டெல்லியிலே 1962இலும், மதுரையிலே 1971இலும், அண்ணாமலையிலே 1979இலும் அஞ்சல்வழிக் கல்வி பிறந்தது. இழிவாகப் பேசிட மாட்டேன். எத்தனையோ ஆசிரியர், எழுத்தர், காவலர், குடும்பப் பெண்கள் அந்த அஞ்சல் உறையைப் பிரித்துப் பட்டம் பெற்றார்கள். பதவி உயர்வு பெற்றார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று இன்று மார்தட்டும் பல வீடுகளிலே, அந்தத் தபால்காரருக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. ஆனால் அந்த முறைக்கு வாய் இல்லை. ஐயம் வந்தால் கேட்க ஆள் இல்லை. பாடநூல் வரும், தேர்வு வரும், இடையிலே ஒரு வெறுமை வரும். பின்னர் அதிலும் இடி விழுந்தது. 2022 மார்ச்சிலே பல்கலைக்கழக மானியக் குழு, அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்குத் தன் அங்கீகாரம் 2014-15 கல்வியாண்டு வரைதான் என்று பொது அறிவிப்புச் செய்தது. மேலிடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சச்சரவு. நடுவிலே திகைத்தவன், பணம் கட்டிப் படித்தவன்!

இதோடு இன்னொன்று. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பின் பட்டம் — இந்த வரிசையிலே வந்த திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009இல் தமிழக அரசு ஆணையிட்டது. வரிசை தவறிப் படித்தவன் வாயிலிலேயே நிற்கிறான். ஒழுங்குக்காக இட்ட ஆணைதான், மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து வயதிலே செங்கல் சூளைக்குச் சென்றவனிடம், 'நீ வரிசையில் வரவில்லையே' என்று கூறுவதற்கு முன்னால், அவன் வரிசையை உடைத்தது யார் என்று கேட்க வேண்டாமா?

இணையத்துக்கு வருவோம். இதிலே தமிழகம் பின்தங்கியது என்று எவனாவது சொன்னால் நம்பாதே. 1999 பிப்ரவரியில் சென்னையிலே 'தமிழ் இணையம் 99' மாநாடு கூடியது. அதன் விளைவாக 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் எழுந்தது — உலகெங்கும் வாழும் தமிழர் தமிழ் படித்திட. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் வா.செ. குழந்தைசாமி, நீரியல் அறிஞர், கவிஞர், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். இன்றைக்கு நாம் வியந்து பேசுகிற ஸ்வயம் பிறப்பதற்குப் பதினாறு ஆண்டு முன்னதாக! பாரிசிலே இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும், மொரிசியசிலே இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் வகுப்பறை இல்லை. ஆகவே வலையையே வகுப்பறையாக்கினோம். இதைச் செய்தவர்கள், கிளியனூர்ப் பிள்ளைக்குச் செய்ய மாட்டோமா?

சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூனிலே ஒரு காரியம் செய்தது. நிரலாக்கமும் தரவு அறிவியலும் கற்பிக்கும் பட்டப் படிப்பை இணைய வழியில் தொடங்கிற்று. கொடுங்கோட்டை போன்ற அந்த நுழைவுத் தேர்வு இதற்கு இல்லை. பன்னிரண்டு முடித்தவர், நான்கு வாரப் பாடத்தைக் கேட்டு, அதிலே ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேறினால் உள்ளே வரலாம். பாடம் இணையத்திலே, தேர்வோ நேரிலே, ஊர்களில் உள்ள மையங்களிலே. வறிய குடும்பத்தினருக்குக் கட்டணக் குறைப்பும் உண்டு. மதிலை உடைக்கவில்லை, மதிலிலே ஒரு வாயில் வைத்தார்கள். அந்த வாயிலைப் பாராட்டுகிறேன். ஆனால் வாயிலுக்குள் நுழைந்ததும் காதிலே விழுவது ஆங்கிலம்! தமிழ்வழியிலே படித்து வந்த பிள்ளை, பாடத்தோடும் போராட வேண்டும், மொழியோடும் போராட வேண்டும்.

சென்ற திங்கள் கிளியனூரிலே ஒரு கூட்டம் முடிந்து, மேடையை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரம். நாலைந்து மாணவர் சூழ்ந்துகொண்டனர். ஒருவன் கேட்டான்: "அண்ணே, பாடமெல்லாம் போன்லயே வந்துடுச்சு. அப்புறம் காலேஜ் எதுக்கு?" குறும்பாகத்தான் கேட்டான். நான் மேடைப் பேச்சாளன் அல்லவா, வாய் திறக்க முனைந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "உனக்கு வேணாண்டா. எங்க வீட்டுல ஒரே ரூம். டி.வி. ஓடும், அப்பா படுத்திருப்பாரு, தம்பி கத்துவான். காலேஜ்னு ஒண்ணு இருக்கறதாலதான் வெளியிலயே விடறாங்க."

நாடகம் எழுதுகிறவன் நான். இத்தனை சுருக்கமாக ஒரு வசனம் எனக்கு எழுத வரவில்லை.

இணையம் பாடத்தைத் தரும். இடத்தைத் தராது. இடம் என்பது வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் என்று எண்ணாதே. சேரன்மாதேவி குருகுலத்திலே பிள்ளைகளைச் சாதி பார்த்துப் பிரித்து உட்கார வைத்துச் சோறு போட்டபோது, 1925இல் தமிழகமே கொதித்தது எதனால்? பந்தியிலே வேற்றுமை இருந்தது. யாரோடு அமர்ந்து உண்கிறோம், யாரோடு அமர்ந்து படிக்கிறோம் என்பதும் படிப்பிலே பாதி. வன்னியர் வீட்டுப் பிள்ளையும், சேரிப் பிள்ளையும், இசுலாமியர் வீட்டுப் பெண்ணும் ஒரே பலகையிலே அமர்கிற இடம் நம் சிற்றூர்களிலே எத்தனை உண்டு, எண்ணிச் சொல். கல்லூரியை எடுத்துவிட்டு, அவரவர் வீட்டு மூலையிலே அவரவர் அலைபேசி என்று ஆக்கினால், பாடம் பரவலாம். தெருக்கள் தனித்தனியாகவே இருந்துவிடும்.

2020 மார்ச்சிலே கொரோனா வந்து கல்லூரிக் கதவுகளைச் சாத்தியதே, அப்போது கண்டோம் அல்லவா! அலைவரிசை கிடைக்காமல் நீர்த்தேக்கத் தொட்டியின் மீதும் மரக்கிளையின் மீதும் ஏறி அமர்ந்து பாடம் கேட்ட மாணவரின் படங்கள் ஏடுகளிலே வந்தன. ஒரே அலைபேசியை அண்ணனும் தங்கையும் பங்கு போட்டனர். பங்கு பிரிக்கும்போது தங்கையின் பங்கு எப்போதும் சிறுத்தது. 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர் 9.69 இலட்சம் பேருக்கு நாள்தோறும் 2 ஜி.பி. தரவு இலவசம் என்று அரசு அறிவித்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் எவராயினும், நல்ல காரியம் அது. ஆனால் தரவு கிடைத்த பிறகும், அமர்ந்து கேட்க மூலை கிடைக்காதவர் இருந்தனரே!

உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதத்திலே தமிழகம் 47 விழுக்காடு. இந்தியா முழுமைக்கும் 28.4. 2021-22ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் கணக்கு இது. பெருமைதான்! கல்லூரி செல்லும் அரசுப் பள்ளிப் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022இல் புதுமைப் பெண் திட்டமும், ஆணுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்து, அந்தக் கூட்டத்தைப் பெருக்கியுள்ளன. கூட்டம் பெருகியது, கூடம் பெருகிற்றா? அரசுக் கலைக் கல்லூரிகளிலே காலைப் பிரிவு, மாலைப் பிரிவு என்று ஒரே வகுப்பறையை இருமுறை பிழிகிறோம். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்க, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்திலே அந்தச் சுமையைத் தாங்கி வருகின்றனர். பெயரிலேதான் கௌரவம்!

இங்கேதான், தோழா, நீ விழிப்பாக இருக்க வேண்டும். இணையத்தைக் காட்டி, 'இனி ஆசிரியர் எதற்கு? ஐ.ஐ.டி. பேராசிரியரே திரையிலே வருகிறாரே' என்று கூற ஒரு கூட்டம் காத்திருக்கிறது. பாடத்தில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகவே படிக்கலாம் என்று 2021இல் மானியக் குழு விதி வகுத்துவிட்டது. விதியிலே குற்றமில்லை. கல்லூரியிலே இல்லாத பாடத்தை மாணவன் விரும்பிக் கற்க அது உதவுமானால் வரவேற்போம். இருக்க வேண்டிய ஆசிரியரை இல்லாமற் செய்திட அது உதவுமானால் எதிர்ப்போம். இணைய வகுப்புகளிலே பெயர் பதிபவரில் மிகப் பெரும்பாலோர் முடிவு வரை வருவதில்லை என்பது உலகெங்கும் கண்ட உண்மை. ஏன்? 'ஏனப்பா நேற்று வரவில்லை?' என்று கேட்கத் திரைக்குத் தெரியாது.

ஊரின் பெயரிலே கிளி இருக்கிறது. நம் கல்லூரிப் பாடமுறையிலும் கிளி இருக்கிறது. ஆசிரியர் குறிப்புச் சொல்வார், மாணவர் எழுதுவர், மனப்பாடம் செய்வர், தேர்வுத்தாளிலே கொட்டிவிட்டு மறப்பர். ஐம்பது நிமிடம் குறிப்புச் சொல்வதற்கு ஓர் அறிவாளியை அமர்த்துவது, பாசனக் கிணற்றிலே பல் துலக்குவது போல! அந்தக் குறிப்பு வேலையை இணையத்திடம் கொடுத்துவிடலாம். இரவே வீட்டிலோ வேறெங்கோ பாடத்தைக் கேட்டுவிட்டு வரட்டும். வகுப்பிலே கேள்வி கேட்கட்டும், வாதிடட்டும், கணக்கைச் செய்து பார்க்கட்டும், நெல் வயலின் மண்ணைக் கொண்டுவந்து ஆய்வுக்கூடத்திலே சோதிக்கட்டும். வரிசை வரிசையாக ஆணியடித்த பலகைகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு, வட்டமாகப் போட்டு உட்காரக்கூடிய நாற்காலிகளை வைத்தால் அதற்குப் பெருஞ்செலவாகாது. ஆசிரியர் வேலை குறையாது, கூடும். ஆகவே ஆசிரியரும் கூட வேண்டும்.

வருகைப் பதிவு என்று ஒன்று உண்டு. 75 விழுக்காடு. நான் இரண்டாம் ஆண்டிலே கல்லூரியை விட்டு வந்தவன் என்பது உனக்குத் தெரியும். பகலிலே கூலிக்கு அச்சகம், இரவிலே நாடகம், நடுவிலே கல்லூரி. விழுக்காடு விழுந்துவிட்டது. என்ன படித்தாய் என்று எவரும் கேட்கவில்லை. எத்தனை நாள் உட்கார்ந்தாய் என்று கேட்டார்கள். இன்று வானூர் வட்டத்திலே காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு, அறுவடையிலே நாலு நாள் நின்று, ஆரோவில் பக்கம் கட்டட வேலைக்கும் போய்வருகிற மாணவனுக்கு அதே கணக்குத்தான். இரவு ஒன்பது மணிக்குப் பாடத்தைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரைச் சந்தித்து, படித்ததை நிறுவிக் காட்டினால் வருகை என்று ஏற்க என்ன தடை?

சரி, எங்கே சந்திப்பது? வீட்டிலே மூலை இல்லை. கல்லூரியோ தொலைவிலே. இதற்கு விடை தேடி அமெரிக்கா செல்ல வேண்டாம்.

1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியிலே நூல்களை ஏற்றி, ஊர் ஊராக ஓட்டிச் சென்றார். நூலகத்துக்கு ஆள் வரவில்லையா? ஆளிடம் நூலகம் போகட்டும் என்ற துணிவு! நூலக அறிஞர் சீர்காழி அரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம், 1948இல், சென்னை மாகாணத்திலேதான் பிறந்தது. சட்டம் ஒருபுறமிருக்க, நம் தாத்தாக்கள் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் கீற்றுக் கொட்டகையிலும் படிப்பகம் அமைத்தனர். எழுத்தறிந்த ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேர் கேட்பர். பிறகு பதினொரு பேரும் வாதிடுவர். பாடம் ஒன்று, வாய் பல! பட்டம் தராத பல்கலைக்கழகம் அது; அங்கே படித்தவர்கள் கோட்டை வரை சென்றார்கள்.

2024 நவம்பரில் சென்னை கொளத்தூரிலே 'முதல்வர் படைப்பகம்' திறக்கப்பட்டது. படிக்க வருவோருக்கும், மடிக்கணினியோடு பணி செய்ய வருவோருக்கும், ஒரே கூரையின் கீழ் மேசை, நாற்காலி, இணையம், உணவருந்த இடம். வீட்டிலே மூலை இல்லாத பிள்ளைகள் போட்டித் தேர்வுக்கு அங்கே அமர்ந்து படிக்கின்றனர். கொளத்தூருக்கு முடிந்தது கிளியனூருக்கு முடியாதா? 'நிதி இல்லை' என்பார் அதிகாரி. புதிதாகக் கட்ட வேண்டாம் ஐயா, கட்டியதைத் திறவுங்கள்!

2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் எழுந்ததே, நினைவிருக்கிறதா? நல்ல கட்டடங்கள். பிறகு பல ஊர்களிலே அவற்றின் கதவிலே பூட்டுத் தொங்கியது. உள்ளே நூல்களைக் கரையான் படித்தது. மறுபுறம், 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியே இணையம் கொண்டுசெல்ல அரசு தனி நிறுவனமே வைத்திருக்கிறது. கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு ஈராண்டிலே மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று 2025 மார்ச்சு நிதிநிலை அறிக்கை அறிவித்தது. கருவிக்கு வழி பிறந்தது, இழை வருகிறது, கட்டடம் நிற்கிறது. இம்மூன்றையும் ஓரிடத்திலே சேர்க்க ஆள் இல்லை!

நூலகத்தைக் காலையிலே ஊருக்கு. மாலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை கல்லூரி மாணவருக்கு. கிழமைக்கு ஒருநாள், திண்டிவனம் கல்லூரியிலிருந்தோ வானூர் கல்லூரியிலிருந்தோ ஓர் ஆசிரியர் வந்து அமர்ந்து ஐயம் தீர்க்கட்டும்; அதை அவருடைய வேலை நேரத்திலேயே கணக்கிடட்டும். அந்த நாற்காலியிலே ஒரு கௌரவ விரிவுரையாளரை நிரந்தரமாக்கி அமர்த்தினால் இன்னும் நன்று. பெண்கள் வீடு திரும்ப விளக்கு எரிகிற தெரு வேண்டும். உள்ளே ஒழுங்கான கழிப்பறை வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்திலே இணையம் எத்தனை வேகமாக ஓடினாலும், மாலை ஆறு மணிக்கு மேல் ஆண் பிள்ளைகள் மட்டுமே அங்கே இருப்பர். திட்டம் தீட்டுகிறவர்கள் கழிப்பறையைக் கடைசிப் பக்கத்திலே எழுதுகிறார்கள். அதை முதல் பக்கத்திலே எழுதச் சொல்.

அறிக்கை விடுவதோடு நாம் நிற்கப் போவதில்லை. இந்த வாரம் உன் ஊராட்சி நூலகத்துக்குச் செல். கதவு திறந்திருக்கிறதா, எந்த நேரம் திறந்திருக்கிறது, மின்விசிறி சுழல்கிறதா, இணையக் கம்பி வாயில் வரை வந்து நிற்கிறதா, எத்தனை பிள்ளைகள் உட்காரலாம், கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா — ஒரு தாளிலே குறித்துக்கொள். ஊரிலே கல்லூரி செல்லும் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டு எழுது. கிளியனூர்க் கிளைத் தோழர்கள் வருகிற ஞாயிறு இதைத் தொடங்குகிறார்கள், நானும் செல்கிறேன். பூட்டு இருந்தால் உடைத்துவிடாதே, வழக்குப் போடுவார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டு, பெயரோடும் பதவியோடும் எனக்கு எழுது.